செடி தரும் குணமும் கை தரும் பக்குவமும்

(உழவர்களுக்கான வானொலி நிகழ்ச்சியில், கோத்தகிரிப் பகுதியில் பணியாற்றும் வேளாண் விரிவாக்க அலுவலர் ஒருவர் ஆற்றிய உரை)



சென்ற மழைக்காலத்தில் நடந்த ஒரு சம்பவத்தோடு தொடங்குகிறேன். கோத்தகிரிக்குப் பக்கத்தில் ஒரு ஹட்டிக்குத் தேயிலைத் தோட்டம் பார்க்கப் போயிருந்தேன். அந்த வீட்டுப் பெரியவருக்கு எழுபது வயது இருக்கும். இதயத்தில் வால்வு மாற்றி ஆபரேஷன் ஆனவர். ரத்தம் உறையாமல் இருக்கத் தினமும் மாத்திரை சாப்பிடுகிறார். குளிர் வந்ததும் முழங்கால் வலி. யாரோ சொன்னார்கள் என்று வின்டர்கிரீன் தைலம் ஒரு பாட்டில் வாங்கி வந்து, காலையும் இரவும் கால் முழுக்கத் தேய்த்து, அதன் மேல் கம்பளியைச் சுற்றிக்கொண்டு அடுப்பங்கரையில் உட்கார்ந்து விடுவார். வலி குறைந்தது. ஆனால் பத்து நாளாகப் பல் ஈறில் ரத்தம் கசிகிறது. கை லேசாக இடித்தாலும் நீலம் பாய்ந்து நிற்கிறது.

அந்த வீட்டு மருமகள் என்னிடம் கேட்டார்: "இது செடியிலேருந்து எடுத்த தைலம்தானே சார், இது என்ன பண்ணிடப் போகுது?"

"அம்மா, தைலத்தை இப்பவே நிறுத்துங்க. பாட்டிலையும் மாத்திரைச் சீட்டையும் எடுத்துக்கிட்டு இன்னைக்கே டாக்டர்கிட்டே போங்க" என்று சொன்னேன். போனார்கள். ரத்தப் பரிசோதனையில், ரத்தம் உறைய வேண்டிய நேரத்துக்கு உறையவில்லை என்று தெரிந்தது. தைலம் தோல் வழியாக உள்ளே போய் மாத்திரையின் வேகத்தைக் கூட்டிவிட்டது. பெரியவர் இப்போது நலமாக இருக்கிறார்.

"செடிதானே" என்கிற அந்தச் சொல்லைப் பற்றித்தான் இன்று உங்களோடு பேசப் போகிறேன். செடிக்குள் குணம் இருக்கிறது, சந்தேகமே இல்லை. அந்தக் குணம் எந்தப் பாகத்தில் இருக்கிறது, எப்படி எடுத்தால் வரும், எவ்வளவு எடுத்தால் நன்மை என்று தெரிந்தவருக்குத்தான் அது பயன்படும். பயிர் செய்பவருக்கும் இது பொருந்தும், உபயோகிப்பவருக்கும் பொருந்தும். நம் மலையில் வளரும் இரண்டு செடிகளை வைத்துச் சொல்கிறேன். ஒன்று ரோஸ்மேரி. மற்றொன்று வின்டர்கிரீன்.

கொழுந்து சொல்லும் பாடம்

இப்போது எந்தக் கடைக்குப் போனாலும் "ஆன்டி ஆக்ஸிடன்ட்" என்ற வார்த்தை டப்பாவின் மேல் அச்சடித்திருக்கிறது. அது என்ன? தேயிலைக்காரர்களுக்கு இதை விளக்குவது மிகவும் சுலபம்.

நீங்கள் பறித்துக் கொடுக்கும் பச்சைக் கொழுந்து ஃபேக்டரியில் வாடி, உருட்டும் இயந்திரத்தில் நசுங்குகிறது. நசுங்கியதும் இலைக்குள் தனித்தனியாக இருந்த பொருள்கள் ஒன்றோடொன்று கலக்கின்றன. காற்றிலுள்ள ஆக்ஸிஜன் சேர்கிறது. சிறிது நேரத்தில் பச்சை மாறிச் செம்பு நிறம் வந்துவிடுகிறது. இதுதான் ஆக்ஸிஜனேற்றம். இரும்பு துருப்பிடிப்பதும், நறுக்கிய ஆப்பிள் கறுப்பதும், பழைய எண்ணெய் காறல் அடிப்பதும் இந்த வகைதான்.

நம் உடம்புக்குள்ளும் இது ஓயாமல் நடக்கிறது. மூச்சு விடுகிறோம், சாப்பிட்டதை எரித்துச் சக்தி எடுக்கிறோம். அப்போது சில முரட்டு அணுக்கூட்டங்கள் உண்டாகின்றன. அவை பக்கத்தில் உள்ள கொழுப்பையும் புரதத்தையும் தாக்கும். செடிகளுக்கும் இதே தொல்லை உண்டு. வெயிலில் நகர முடியாமல் நிற்கிற செடி, தன்னைக் காத்துக்கொள்ள சில பொருள்களைத் தானே தயாரித்து வைத்துக்கொள்கிறது. அவை தம்மிடமுள்ள ஹைட்ரஜனைக் கொடுத்து அந்த முரட்டுக் கூட்டத்தை அடக்கிவிடுகின்றன. இப்படி அடக்குகிற பொருளைத்தான் ஆன்டி ஆக்ஸிடன்ட் என்கிறோம். தேயிலையில் இருக்கும் கேட்டசின் அப்படிப்பட்டது. கிரீன் டீ தயாரிக்கும்போது இலையை முதலிலேயே சூடுபடுத்தி, நிறம் மாறும் வேலையைத் தடுத்து விடுகிறார்கள். அதனால் கேட்டசின் பெரும்பாலும் அப்படியே தங்குகிறது. ஒரே கொழுந்துதான், கைப்பக்குவத்தில் இரண்டு வேறு பொருள் ஆகிறது. இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

ரோஸ்மேரியின் மூன்று பங்கு

ரோஸ்மேரி மத்தியதரைக் கடல் நாட்டுச் செடி. ஊசி போன்ற இலை, கசக்கினால் கற்பூர வாசனை, சின்ன நீலப் பூ. நம் நீலகிரிக் குளிருக்கும் சரிவுக்கும் நன்றாக ஒத்துப்போகிறது.

1952-ல் அமெரிக்காவில் சிப்பால்ட் என்பவரும் அவருடைய சகாக்களும் 32 வகை வாசனைப் பொருள்களைக் கொழுப்பில் கலந்து, எது காறல் அடிக்காமல் அதிக நாள் காக்கிறது என்று பார்த்தார்கள். ரோஸ்மேரியும் அதன் உறவான சேஜும் முன்னணியில் நின்றன. 1958-ல் இத்தாலிய விஞ்ஞானிகள் இருவர் ரோஸ்மேரியிலிருந்து ஒரு அமிலத்தைப் பிரித்து அதற்கு ரோஸ்மேரினிக் அமிலம் என்றே பெயர் வைத்தார்கள். 2010-ல் ஐரோப்பிய ஒன்றியம் ரோஸ்மேரிச் சாற்றை உணவு கெடாமல் காக்கும் பொருளாக அங்கீகரித்து, இ 392 என்று எண் கொடுத்தது. எண்ணெய், இறைச்சி, நொறுக்குத் தீனி போன்றவற்றில் செயற்கை மருந்துக்குப் பதிலாக இது சேர்கிறது. ஆக, இதற்கு உலகச் சந்தை இருக்கிறது.

இங்கேதான் நம்மவர்கள் பலர் ஏமாந்து போகிறார்கள். நானும் ஒரு காலத்தில் ஏமாந்தவன்தான்.

ரோஸ்மேரியைத் தைலக் கொப்பரையில் போட்டு ஆவி விட்டுக் காய்ச்சினால், வாசனைத் தைலம் வருகிறது. "ஆன்டி ஆக்ஸிடன்ட் எல்லாம் தைலத்தில் வந்துவிட்டது, மிச்சம் வெறும் சக்கை" என்று நினைத்துக் கொட்டிவிடுகிறோம். உண்மை வேறு. ஆவியோடு பறந்து வருவது சினியோல், கற்பூரம், பைனீன் போன்ற வாசனைப் பொருள்கள். ரோஸ்மேரியின் முக்கியமான ஆன்டி ஆக்ஸிடன்ட் கார்னோசிக் அமிலம். அது ஆவியில் பறக்காது, தண்ணீரிலும் கரையாது. இலையிலேயே தங்கிவிடும். ரோஸ்மேரினிக் அமிலம் தண்ணீரில் கரையும். இலையைத் தண்ணீரில் போட்டே காய்ச்சினால் அது அந்தக் கொதிநீருக்குப் போய்விடும்.

ஆக, ஒரே இலை மூன்று பங்காகப் பிரிகிறது. வாசனை தைலத்துக்கு, ஒரு அமிலம் தண்ணீருக்கு, மற்றொரு அமிலம் சக்கைக்கு. சாறு எடுக்கும் பெரிய தொழிற்சாலைகள் தைலம் காய்ச்சிய பிறகு மிஞ்சும் சக்கையை உலர்த்தி, ஆல்கஹால் போன்ற கரைப்பானில் ஊறவைத்துத்தான் கார்னோசிக் அமிலத்தை எடுக்கின்றன. பல வருடங்களுக்கு முன் ஒரு விவசாயிக்கு, "சக்கையைச் செடிக்கு எருவாகப் போட்டுவிடுங்க" என்று நான்தான் யோசனை சொன்னேன். வாங்குகிறவர் இருக்கிறாரா என்று ஒரு வார்த்தை விசாரித்திருக்க வேண்டும். விசாரிக்காமல் சொன்னது என் தவறு. வாங்குகிறவர் கிடைக்காத இடத்தில் எரு போடுவது சரிதான். முதலில் விசாரியுங்கள் என்பதுதான் என் வேண்டுகோள்.

நடவு, அறுவடை, உலர்த்தல்

நம் மலைக்கு இந்தப் பாடம் புதிதல்ல. 1860-களில் இங்கே சிங்கோனா பயிரிட்ட மெக்கைவர் என்பவர், உரித்த மரத்தைப் பாசியால் மூடி வைத்தார். மறுபடி வளர்ந்த பட்டையில் மருந்துச் சத்து கூடுதலாக இருந்தது. மலேரியாவுக்குக் கொயினா கொடுத்த மரம் அது. மரம் ஒன்றுதான், செய்நேர்த்தியால் குணம் ஏறியது.

ரோஸ்மேரிக்கு வருவோம். உதகமண்டலம் தோட்டக்கலை ஆராய்ச்சி நிலையம் வெளியிட்ட ஊட்டி (ஆர்.எம்.) 1 என்ற ரகம் இருக்கிறது. விதை போட்டு வளர்ப்பதை விடக் குச்சி நடுவது நல்லது. தாய்ச்செடியின் குணம் அப்படியே வரும். பாதி முற்றிய கிளையில் 10 முதல் 15 சென்டிமீட்டர் நீளத்துக்குக் குச்சி வெட்டி, கீழ் இலைகளை உருவிவிட்டு, மணல் கலந்த நாற்றங்காலில் நிழலில் வையுங்கள். வேர் பிடித்த பிறகு தோட்டத்தில் 45 சென்டிமீட்டருக்கு ஒன்றாக நடலாம். அந்தக் கணக்கில் ஒரு சென்ட்டுக்குச் சுமார் 200 செடி பிடிக்கும்.

இந்தச் செடிக்கு வறட்சி தாங்கும். கால் நனைந்து நிற்பது தாங்காது. கோத்தகிரிக்கு அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழை நன்றாகக் கொட்டும் என்பது உங்களுக்குத் தெரியும். ஆகவே பள்ளத்தில் நடாதீர்கள். சரிவுக்குக் குறுக்கே வரிசை பிடித்து, வடிகால் எடுத்து நடுங்கள். மண்ணும் ஓடாது, வேரும் அழுகாது.

நட்ட எட்டு மாதத்தில் முதல் அறுவடை. பிறகு மூன்று, நான்கு மாதத்துக்கு ஒரு முறை வெட்டலாம். தேயிலையைக் கவாத்து செய்வது போல அடிமரம் வரை இறக்கிவிடாதீர்கள். இலையில்லாத பழைய கட்டையிலிருந்து ரோஸ்மேரி தழைப்பது கடினம். இளம் கிளையை மட்டும், பனி ஈரம் காய்ந்த பிறகு வெட்டுங்கள்.

உலர்த்துவதில்தான் பாதிச் சத்து போகிறது. வெட்டிய தழையைச் சாக்கில் திணித்து ஒரு இரவு வைத்தால் உள்ளே சூடேறிக் கறுத்துவிடும். தார் ரோட்டில் வெயிலில் பரப்பினால் வாசனையும் போகும், நிறமும் போகும். தகரக் கூரைக்கு அடியில், காற்று ஓடும் இடத்தில், வலை கட்டிய தட்டிகளை அடுக்கி, மெல்லிசாகப் பரப்பி நிழலில் காய வையுங்கள். மூடுபனி நாளில் சூடான காற்று கொடுக்க நேர்ந்தால் 40 டிகிரிக்கு மேல் போக விடாதீர்கள். இலையை ஒடித்தால் "படக்" என்று முறிய வேண்டும். வளைந்தால் இன்னும் ஈரம் இருக்கிறது என்று பொருள். காய்ந்த இலை, பச்சைத் தழையின் எடையில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குதான் நிற்கும். விலை பேசும்போது பச்சைக்குப் பேசுகிறோமா, காய்ந்ததற்குப் பேசுகிறோமா என்று தெளிவாகக் கேட்டுக்கொள்ளுங்கள்.

"தேயிலையைப் பிடுங்கிட்டு முழுசும் இதைப் போட்டுடலாமா சார்?" என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். கொழுந்து விலை இறங்கும்போதெல்லாம் இந்தக் கேள்வி வருகிறது. உங்கள் கஷ்டம் எனக்குத் தெரியும். ஆனால் அவசரப்படாதீர்கள். முதலில் ஐந்து சென்ட்டில் ஆயிரம் செடி போடுங்கள். நடுவதற்கு முன்பே வாங்குகிறவரைத் தேடுங்கள். பத்து, இருபது பேர் உழவர் உற்பத்தியாளர் குழுவாகச் சேர்ந்து, ஒரே மாதிரி உலர்த்தி, இலையில் கார்னோசிக் அமிலம் எவ்வளவு இருக்கிறது என்று சோதனைச் சாலைச் சீட்டு வாங்கி விற்றால் பேரம் பேச உங்களுக்கு வாய் இருக்கும். தனியாக ஒரு மூட்டையைத் தோளில் தூக்கிக்கொண்டு போனால் அவர் சொன்னதுதான் விலை.

வின்டர்கிரீன்: கசக்கினால்தான் மணம்

இப்போது பெரியவரின் பாட்டிலுக்கு வருவோம். வின்டர்கிரீன் நம் மலையில் சோலை ஓரங்களில் புதராக வளரும். மணி போன்ற வெள்ளைப் பூ, நீல நிறப் பழம். இலையைச் சும்மா முகர்ந்தால் பெரிய வாசனை இல்லை. கசக்கி முகர்ந்தால் மூட்டு வலித் தைலத்தின் வாசனை குப்பென்று வரும்.

காரணம் இருக்கிறது. இலைக்குள் மருந்துப் பொருள் சர்க்கரையோடு பிணைந்து பூட்டி வைத்தது போல் இருக்கிறது. இலை நசுங்கும்போது அதிலுள்ள நொதி அந்தப் பூட்டைத் திறக்கிறது. அதனால்தான் தைலம் காய்ச்சுவதற்கு முன் இலையை நறுக்கி வெதுவெதுப்பான தண்ணீரில் ஊறவைக்கிறார்கள். ஊறவைக்காமல் காய்ச்சினால் தைலம் குறையும். விடுபடும் பொருளுக்கு மீதைல் சாலிசிலேட் என்று பெயர். தைலத்தில் நூற்றுக்கு 95-க்கு மேல் அதுவேதான்.

இது ஆஸ்பிரினுக்கு உறவுக்காரப் பொருள். அடிபட்ட இடம் வீங்குகிறது, சிவக்கிறது, சூடாகிறது, வலிக்கிறது. இந்த நான்கும் சேர்ந்ததைத்தான் அழற்சி என்கிறோம். உடம்பில் புரோஸ்டாகிளாண்டின் என்ற பொருள் சுரந்து இதைத் தூண்டுகிறது. ஆஸ்பிரின் 1899-ல் கடைக்கு வந்தது. அது எப்படி வேலை செய்கிறது என்பது 1971-ல்தான் தெரிந்தது. புரோஸ்டாகிளாண்டின் உண்டாவதையே அது தடுக்கிறது என்று ஜான் வேன் என்ற பிரிட்டிஷ் விஞ்ஞானி காட்டினார். 1982-ல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார்.

வலியைக் குறைக்கும் அதே குடும்பத்துப் பொருள்தான் ரத்தம் உறைவதையும் பாதிக்கிறது. ஒரு டீஸ்பூன் வின்டர்கிரீன் தைலத்தில் உள்ள சாலிசிலேட், 325 மில்லிகிராம் ஆஸ்பிரின் மாத்திரை இருபதுக்கு மேல் விழுங்கியதற்குச் சமம். ஒரு சின்னக் குழந்தையின் உயிரைப் பறிக்க அதுவே போதும். நல்ல வாசனை, இனிப்பு மிட்டாய் போல இருக்கும்; குழந்தை வாயில் வைத்துவிடும். ஆகவே தாய்மார்களே, இந்தப் பாட்டிலைப் பூச்சிமருந்தைப் போலப் பூட்டி வையுங்கள். தவறிக் குடித்துவிட்டால் வாந்தி எடுக்க வைக்க வேண்டாம். பாட்டிலோடு உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

தேய்க்கிறவர்களும் கொஞ்சம் கவனியுங்கள். தைலத்தை அப்படியே ஊற்றித் தேய்க்கக் கூடாது. தேங்காய் எண்ணெயிலோ நல்லெண்ணெயிலோ சில துளி கலந்து, வலிக்கும் இடத்தில் மட்டும் தடவுங்கள். தடவிய பிறகு கம்பளி சுற்றுவதோ, தீயில் காய்வதோ, வெந்நீர் ஒத்தடமோ வேண்டாம். சூட்டில் தோல் அதிகமாக உறிஞ்சும் என்று வைத்துக்கொள்ளுங்கள். புண் மேல் படக் கூடாது. ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுபவர்கள், ஆஸ்பிரின் ஒத்துக்கொள்ளாதவர்கள், கர்ப்பிணிகள், குழந்தைகள் இதன் பக்கமே போக வேண்டாம்.

இன்னொரு சங்கதி. இதே மீதைல் சாலிசிலேட்டைத் தொழிற்சாலையிலும் செய்கிறார்கள். மலைத் தைலம் என்று விற்கும் பாட்டிலில் அது கலந்திருக்கலாம். செடியில் வந்தாலும் தொழிற்சாலையில் வந்தாலும் உடம்புக்குள் போனால் வேலை ஒன்றுதான். "இயற்கை" என்ற சீட்டு ஒட்டியதால் அளவு மாறிவிடாது.

கண்ணாடிக் குழாயும் மனித உடம்பும்

"இந்த மூலிகைச் சாறு அந்த நோயைப் போக்கும் என்று ஆராய்ச்சியில் கண்டுபிடித்திருக்கிறார்கள்" என்று நீங்கள் படித்திருப்பீர்கள். பெரும்பாலும் அந்த ஆராய்ச்சி எப்படி நடக்கிறது? ஊதா நிறத் திரவம் ஒன்றில் சாற்றை விடுவார்கள். அது மஞ்சளாக மாறினால் ஆன்டி ஆக்ஸிடன்ட் குணம் இருக்கிறது என்பார்கள். எலியின் பாதத்தில் வீக்கம் வரவழைத்து, சாறு கொடுத்தால் எவ்வளவு வடிகிறது என்று அளப்பார்கள். இவை நல்ல ஆராய்ச்சிகள்தான், முதல் படி. ஆனால் மனிதன் கண்ணாடிக் குழாய் இல்லையே. சாப்பிட்ட சாறு குடலைத் தாண்ட வேண்டும், கல்லீரலைத் தாண்ட வேண்டும்.

பின்லாந்து நாட்டில் புகைபிடிக்கும் ஆண்கள் 29,000-க்கு மேற்பட்டவர்களை வைத்து ஒரு பெரிய ஆய்வு நடந்தது. கேரட்டில் இருக்கும் பீட்டா கரோட்டினை மாத்திரையாகக் கொடுத்தால் நுரையீரல் புற்றுநோய் குறையும் என்று எதிர்பார்த்தார்கள். 1994-ல் வந்த முடிவு அதிர்ச்சியாக இருந்தது. மாத்திரை சாப்பிட்டவர்களுக்குப் புற்றுநோய் 18 சதவீதம் கூடியிருந்தது. அமெரிக்க வேளாண்மைத் துறை, எந்த உணவில் எவ்வளவு ஆன்டி ஆக்ஸிடன்ட் சக்தி என்று ஒரு பட்டியல் வைத்திருந்தது. விளம்பரக்காரர்கள் அதைத் தவறாக உபயோகித்ததால் 2012-ல் அந்தப் பட்டியலையே எடுத்துவிட்டது.

அதற்காகக் கேரட்டைச் சாப்பிட வேண்டாம் என்றா சொல்கிறேன்? இல்லை. நம் மலைக் கேரட்டை நன்றாகச் சாப்பிடுங்கள். ரோஸ்மேரியைச் சமையலில் போடுங்கள். கிரீன் டீ குடியுங்கள். உணவாகச் சாப்பிடுவது வேறு, செறிவாக்கிய சாற்றை மருந்தாக விழுங்குவது வேறு. டாக்டர் கொடுத்த சர்க்கரை மாத்திரையையும் பிரஷர் மாத்திரையையும் நிறுத்திவிட்டுச் சாறு குடிக்காதீர்கள். சித்த மருத்துவரிடம் போகிறவர்கள், சாப்பிடும் இங்கிலீஷ் மருந்துகளை அவரிடம் மறைக்காதீர்கள். அங்கே வாங்கியதை இவரிடமும் மறைக்காதீர்கள்.

விற்பவர்களுக்கும் ஒரு எச்சரிக்கை. இலையாக, தைலமாக விற்பது ஒன்று. "இந்த நோய் குணமாகும்" என்று சீட்டு ஒட்டி மருந்தாக விற்பது வேறு. அதற்கு 1940-ஆம் ஆண்டு மருந்துச் சட்டப்படி உரிமம் வேண்டும். சில நோய்களைக் குணப்படுத்துவதாக விளம்பரம் செய்வதையே 1954-ஆம் ஆண்டுச் சட்டம் தடுக்கிறது. அதுபோல, ரிசர்வ் காட்டுக்குள் புகுந்து வின்டர்கிரீனை வெட்டாதீர்கள். சிறு வனப் பொருள் சேகரிக்கும் உரிமை 2006-ஆம் ஆண்டு வன உரிமைச் சட்டப்படி பழங்குடி மக்களுக்கும், தலைமுறை தலைமுறையாகக் காட்டை நம்பி வாழ்பவர்களுக்கும் உண்டு. மற்றவர்கள் சொந்த நிலத்தில் வளர்த்து எடுப்பதுதான் முறை. சோலை போனால் நம் ஊற்றுத் தண்ணீரும் போகும்.

இதுவரை சொன்னதைச் சுருக்கிச் சொல்கிறேன். சரியான ரகத்தை நடுங்கள், நிழலில் உலர்த்துங்கள், எந்தக் குணம் தைலத்துக்குப் போகிறது, எது சக்கையில் நிற்கிறது என்று தெரிந்துகொண்டு விலை கேளுங்கள். உபயோகிக்கும்போது அளவைக் கேளுங்கள்.

அந்த ஹட்டிக்குச் சென்ற மாதம் மறுபடி போயிருந்தேன். பெரியவர் வெயிலில் உட்கார்ந்திருந்தார். கால் வலி எப்படி இருக்கிறது என்று கேட்டேன். "வலி இருக்கு சார். டாக்டர் சொன்ன மாதிரி கொஞ்சம் நடக்கிறேன். பாட்டிலை மருமக பூட்டி வெச்சிருக்கா" என்று சிரித்தார். வீட்டுக்குப் பின்னால் ஐந்து சென்ட்டில் மருமகள் ரோஸ்மேரி நட்டிருக்கிறார். குச்சி எல்லாம் வேர் பிடித்துத் துளிர் விட்டிருக்கிறது. தகரக் கூரைக்கு அடியில் தட்டி அடிக்க மூங்கில் வாங்கி வைத்திருக்கிறார்.

உங்கள் தோட்டத்திலும் அப்படித் துளிர்க்கட்டும்.